பிள்ளை பிடிக்கிறவன்

சாப்பிட மறுக்கும் குழந்தைக்கு நம் வீடுகளில் காட்டுகிற பூச்சாண்டிகளில் பிள்ளை பிடிக்கிறவன் ஒருவன். தோளில் கோணிப்பை, முகத்தில் தாடி. பெரியவர்களுக்கு அவன் மிகவும் சௌகரியமானவன். பிள்ளை காணாமல் போனால் பழியை அவன் கோணியில் போட்டுக் கட்டிவிடலாம்.

ரயில்வே பாதுகாப்புப் படையினர் ஒரு கணக்கு வெளியிட்டிருக்கிறார்கள். 2018ஆம் வருஷம் ஸ்டேஷன்களிலும் ரயில்களிலும் அவர்கள் மீட்ட குழந்தைகள் 17,112 பேர். அவர்களில் கடத்தப்பட்டவர்கள் 87. வீட்டை விட்டுத் தாமாக ஓடிவந்தவர்கள் 13,187. பாவம், கோணிப்பைக்காரனுக்குத் தொழில் சரியாக நடக்கவில்லை!

எதைக் கண்டு ஓடினார்கள்? இதைக் கேட்டால் நம் கனவான்களுக்குக் கோபம் வருகிறது. சினிமாப் பைத்தியம் என்பார்கள். சகவாச தோஷம் என்பார்கள். பரீட்சையில் தேறாத பயம், இப்போது புதிதாகக் கைபேசி. எல்லாம் பையனிடம் இருக்கிற கோளாறு. வீட்டில் மட்டும் ஒரு கோளாறும் கிடையாது.

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டு எழுதியது. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் அடிபட்டவர்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் நூற்றுக்கு 88.6 பேரை அடித்தவர்கள் பெற்ற தாயும் தகப்பனும்தான். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகையில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதைச் செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். தாடியும் கோணிப்பையும் இல்லாதவர்கள். வந்தால் நாம் காப்பி கொடுத்து உபசரிக்கிறவர்கள்.

இந்தப் பன்னிரண்டாயிரம் பேரும் ஓடிப்போனவர்களா என்று கேட்பீர்கள். இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்களும் வீட்டோடு இருக்கிறவர்களும் அதில் உண்டு. எனக்கு ஆச்சரியமே அதுதான்: இவ்வளவையும் வாங்கிக்கொண்டு எத்தனை பேர் ஓடாமல் இருக்கிறார்கள்!

முறுக்கி வளர்க்காத மீசையும் அடித்து வளர்க்காத பிள்ளையும் உருப்படாது என்று பழமொழி வேறு. அதைச் செய்தவன் மீசைக்காரன். பிள்ளையைக் கேட்டுச் செய்யவில்லை.

தெரு சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பிளாட்பாரத்தில் அவனுக்காகக் காத்திருப்பவர்களை எல்லோருக்கும் தெரியும். சோறு போட்டே வேலை வாங்கும் ஓட்டல்காரன், தரகன், துணியில் பசையைத் தடவி முகரக் கற்றுக்கொடுக்கிற மூத்த பையன். இவ்வளவு பேர் இருந்தும் ஒரு பத்து வயதுப் பையன் வீட்டைவிட இதுவே மேல் என்று தீர்மானிக்கிறான் என்றால் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாமா? நாம் அதைச் சேஷ்டை என்கிறோம். டிக்கெட் வாங்கிக் கொடுத்து ஊருக்குத் திருப்பி அனுப்புகிறோம்.

நம் கதாசிரியர்கள் இந்தத் திருப்பி அனுப்புகிற கைங்கரியத்தை நெடுநாளாகச் செய்துவருகிறார்கள். ஓடிப்போன பிள்ளை கடைசிப் பக்கத்தில் திரும்பி வருவான். அம்மா கட்டிக்கொண்டு அழுவாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பார். பத்திரிகாசிரியருக்கும் திருப்தி, வாசகருக்கும் திருப்தி. மறுநாள் காலையில் அதே அப்பா இடுப்புப் பெல்ட்டைக் கழற்றினாரா என்று எழுதப் பக்கம் போதாது.

சட்டம் செய்தவர்கள் கதாசிரியர்களைவிட விவேகிகள். 2015ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டப்படி, கிடைத்த குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். வீட்டு நிலைமையை விசாரித்து அறிக்கை தர 15 நாள். முடிவான உத்தரவுக்கு நான்கு மாதம் அவகாசம். ஆனால் குடும்பத்தில் திரும்பச் சேர்ப்பதே பிரதான நோக்கம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அவசரக்காரர்கள் இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். கணக்கு எழுதுகிறவர்களுக்கும் இதுவே சுலபம். 2018 முதல் 2024 மே வரை 84,119 குழந்தைகளை மீட்டதாக ரயில்வேயின் கணக்கு. பெரிய காரியந்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் எத்தனை பேர் மறுபடியும் ரயிலேறினார்கள் என்ற கலம் அந்தக் கணக்கில் இல்லை. ஆராய்ச்சி செய்ய விரும்புகிற கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்தக் கலத்தை நிரப்பட்டும்.

பாட்டி வீடு இருக்கிறது, அத்தை வீடு இருக்கிறது. தகுதியான வேறொருவரிடம் குழந்தையை ஒப்படைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அப்பாவை வெளித் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே பையனைத் தனியாக வைத்துக்கொண்டு, “நீ எங்கே போகப் பிரியப்படுகிறாய்?” என்று யாராவது ஒருவர் நிதானமாகக் கேட்க வேண்டும். உடனே பதில் வராது. அதற்குத்தான் அந்தப் பதினைந்து நாள்.