தடிமனா, தடிமன் விகிதமா?

அதிவேகத்தில் புரொப்பெல்லரின் பயனுறுதிறன் குறைவதற்கு இதழின் தடிமனே காரணம் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடும் வழக்கம் உண்டு. அவ்வரி பிழையன்று, அரைகுறை. 'தடிமன்' என்னும் ஒரே சொல் இரு வேறு அளவுகளைச் சுட்டுவதே சிக்கல். ஒன்று, மில்லிமீட்டரில் அளக்கப்படுவது. மற்றொன்று, அதனை இதழின் அகலமாகிய நாண் நீளத்தால் வகுத்துப் பெறும் விகிதம். 20 மி.மீ. தடிமனுள்ள இதழ் தடித்ததா, மெலிந்ததா? நாண் 200 மி.மீ. எனில் விகிதம் 10 விழுக்காடு, 500 மி.மீ. எனில் வெறும் 4.

காற்றோட்டம் பொருட்படுத்துவது இவ்விகிதத்தையே. இதழின் நுனி விமானத்தோடு முன்னேறுகிறது. கூடவே சுழலவும் செய்கிறது. இரண்டும் மாக் 0.8 எனில், செங்குத்தாகக் கூடி நுனி மாக் 1.13-இல் காற்றை வெட்டும். விகிதம் பெரிதாயின் இதழின் முதுகில் வலிய அதிர்ச்சி அலை எழுந்து, எஞ்சின் தரும் ஆற்றலில் ஒரு பகுதி உந்துவிசையாகாமல் வீணாகும். ஒலியை விஞ்சிய ஓட்டத்தில் தடிமனால் விளையும் அலை இழுவை, விகிதத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. அப்படியானால் இதழை மெலிதாக்கிவிட்டால் போதாதா? போதாது. அகலத்தை மாற்றாமல் தடிமனைப் பாதியாக்கினால், திண்ம இதழின் வளைவு விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். படபடப்பு அதிர்வுக்கு அது எளிதில் ஆட்படும்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் நாசாவும் ஹாமில்டன் ஸ்டாண்டர்டும் மேற்கொண்ட ஆய்வு இம்முரணை நேர்கொண்டது. எஸ்ஆர்-3 என்ற மாதிரியில் அகன்ற, குட்டையான எட்டு இதழ்கள். நுனியில் தடிமன் விகிதம் ஏறத்தாழ 2 விழுக்காடு. காற்றுச் சுரங்கத்தில் மாக் 0.8-இல் அதன் பயனுறுதிறன் 80 விழுக்காட்டை நெருங்கியது. நுனியைப் பின்னோக்கி வளைத்ததற்கும் அதில் பெரும்பங்கு உண்டு. மெலிவுக்கு மட்டும் புகழ் சேர்ப்பது நியாயமாகாது. 1987-இல் இவ்வகை இதழ்கள் கல்ஃப்ஸ்ட்ரீம் விமானமொன்றில் பறந்தன.

மெலிவு எல்லாவற்றுக்கும் மருந்துமன்று. 1955-இல் பறந்த அமெரிக்காவின் எக்ஸ்எஃப்-84எச் விமானத்தின் இதழ்கள் மெல்லியவையே. ஒலியை விஞ்சிச் சுழன்ற அவற்றின் நுனி எழுப்பிய இரைச்சல் தரைப்பணியாளர்களை வாட்டியது.

ஆதலின் தமிழில் எழுதப்படும் பொறியியல் பாடநூலில் 'தடிமன்', 'தடிமன் விகிதம்' என்ற இரு சொற்களும் வெவ்வேறாகவே ஆளப்பட வேண்டும். சுருக்கம் கருதி 'விகிதம்' என்பதைக் கைவிட்டால், இதழை அகலமாக்கியும் இழுவையைக் குறைக்கலாம் என்ற வழி மாணவரின் கண்ணில் படாமலே போய்விடும்.