மதில் போன நகரமும் மதில் காக்கும் தெய்வமும்

ஷாங்காய் நகரத்துக்குச் செல்லும் பிரயாணிகள் அங்குள்ள வானளாவிய கட்டடங்களைக் கண்டு வியந்த பின்னர், பழைய நகரத்திலுள்ள யூயுவான் தோட்டத்துக்கும் அதையடுத்த நகர தெய்வத்தின் கோயிலுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குவது வழக்கமாயிருக்கிறது. ஒன்பது திருப்பங்களுள்ள பாலத்தைக் கடந்து, குளத்தின் நடுவிலுள்ள தேநீர் மண்டபத்தைப் படம் பிடித்து, கடைவீதியில் பலகாரம் வாங்கித் தின்று அவர்கள் திரும்பிவிடுகிறார்கள். இது குற்றமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் சுமார் 5 ஏக்கர் விஸ்தீரணமுள்ள அத்தோட்டத்திலும் அதன் பக்கத்துக் கோயிலிலும் ஒரு நகரத்தின் மானமும் அவமானமும் மீட்சியும் எழுதப்பட்டிருக்கின்றன. அதைப் படியாமல் திரும்புகிறவர் பார்த்தும் பாராதவரே.

மிங் வமிசத்து அரசாட்சியில் அதிகாரியாயிருந்த பான் யுன்துவான் என்பவர், தமது முதிய தந்தையின் சுகத்துக்காக 1559-இல் இத்தோட்டத்தைத் தொடங்கினார். உத்தியோகம் அவரைத் தூரதேசத்துக்கு அழைத்துச் சென்றமையால் வேலை தடைப்பட்டு, 1577-இல்தான் முடிவுற்றது. அவருக்குப் பின் குடும்பம் க்ஷீணித்தது; தோட்டமும் பாழடைந்தது. 1760-இல் உள்ளூர் வியாபாரிகளும் பெரிய மனிதர்களும் பணம் திரட்டி அதை வாங்கிப் பல வருஷங்கள் பழுதுபார்த்துக் கோயிலைச் சேர்ந்த நந்தவனமாக்கினார்கள். குளத்தின் நடுவிலுள்ள மண்டபம் 1784-இல் ஜவுளி வியாபாரிகள் கட்டியது. ஒரு மகனுடைய பக்தி உண்டாக்கியதை ஊராருடைய பொறுப்பு காப்பாற்றிற்று என்பதே இச்சரித்திரத்தின் முதல் பாடம்.

கோயிலிலோ இன்னும் பெரிய பாடமிருக்கிறது. அங்கே வீற்றிருக்கும் தெய்வத்தின் சீனப் பெயருக்கு மதிலும் அகழியும் என்பது பொருள். ஊரைச் சூழ்ந்த அரணே தெய்வமாக வணங்கப்படுகிறது. கடற்கொள்ளைக்காரர்களுக்கு அஞ்சி ஷாங்காய் ஜனங்கள் 1553-இல் மதில் எழுப்பினார்கள். 1912-இல் அதை இடிக்கத் தொடங்கி, அது நின்ற வட்டத்திலேயே பாட்டை போட்டார்கள். சிறு பகுதியொன்றே இன்று மிஞ்சியுள்ளது. மதில் போயிற்று, மதிலின் தெய்வம் இருக்கிறது. ஒரு நகரத்துக்கு உண்மையான அரண் கல்லா, ஜனங்களா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

1842-ஆம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். அபினியை விற்றே தீருவோமென்று பிரிட்டிஷார் சீனாவின்மீது தொடுத்த யுத்தம் அப்போது முற்றியிருந்தது. ஜூன் 16-இல் வூஸுங் கோட்டைகளைக் காத்துநின்ற முதிய தளபதி சென் ஹுவாசெங் போர்க்களத்திலேயே உயிர் நீத்தார். மூன்று நாட்களில் ஷாங்காய் வீழ்ந்தது. அன்னியத் துருப்புகள் கோயிலிலும் தோட்டத்திலும் கூடாரமடித்தன. ஆகஸ்டு மாதத்தில் கையெழுத்தான நான்கிங் உடன்படிக்கை, ஷாங்காயையும் சேர்த்து ஐந்து துறைமுகங்களை அன்னிய வியாபாரத்துக்குத் திறந்துவிட்டு, ஹாங்காங்கையும் பறித்துக் கொடுத்தது. வென்றவர் பெற்றது இது. தோற்றவர் பெற்றதோ வேறு. பிற்காலத்தில் ஷாங்காய் ஜனங்கள் அந்தத் தளபதியைத் தங்கள் நகர தெய்வங்களுள் ஒருவராகவே வைத்து வணங்கலானார்கள். எதிரி முகாமிட்ட கோயிலிலேயே எதிரியிடம் தோற்று மாண்டவருக்கு ஆராதனை நடக்கிறது! தோல்வியை மறைக்காமல், தோற்றும் பணியாத வீரனை மறவாமலிருக்கும் ஜாதி என்றென்றும் அடிமையாயிராது.

இந்தியாவிலிருந்து அங்கு செல்லும் பிரயாணி இன்னொன்றையும் நினைக்கக் கடமைப்பட்டவர். அந்த அபினி நமது பீஹாரிலும் காசிச் சீமையிலும் கம்பெனியாரின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட குடியானவர்கள் விளைவித்தது. அந்த யுத்தத்தில் சென்னை ராஜதானியின் சிப்பாய்ப் படைகளும் இருந்தன. 1841 மே மாதத்தில் காண்டனுக்கு அருகே ஸான்யுவான்லியில் கொட்டும் மழையில் கிராம ஜனங்களால் சூழப்பட்டது 37-ஆவது சென்னைக் காலாட்படையின் ஒரு கம்பெனியே. தன் நாட்டை இழந்தவன் பிறர் நாட்டைப் பறிக்கும் கருவியாகிறான். இக்கொடுமையை நாம் அறிந்து அத்தோட்டத்தில் நுழைவோமானால், வெறும் வேடிக்கை பார்ப்பவராய் நுழைய மாட்டோம்.

அதன்பின் நேர்ந்தவையும் சிறியவையல்ல. 1853-இல் சிறுவாள் சங்கத்தார் கிளர்ந்தெழுந்து நகரைப் பிடித்து, தோட்டத்திலுள்ள மண்டபமொன்றைத் தலைமை ஸ்தானமாகக் கொண்டு 1855 வரையில் எதிர்த்து நின்றார்கள். 1860-இல் தைப்பிங் படையினரைத் தடுக்க வந்த அன்னியத் துருப்புகள் தோட்டத்திலேயே தங்கிப் பெருஞ்சேதம் விளைவித்தன. 1956-இல் தொடங்கிய திருப்பணியால் தோட்டம் உயிர்பெற்று 1961-இல் பொது ஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. கலாசாரப் புரட்சியில் மூடப்பட்டுக் கடையாகிப் போன கோயில், 1994-இல் மீண்டும் கோயிலாயிற்று.

இத்தனை ஆபத்துகளைத் தாண்டிய இடத்துக்கு இன்று வேறோர் ஆபத்து வந்திருக்கிறது. கடைவீதிக் கட்டடங்களில் பெரும்பாலானவை 1990-க்குப் பின் பழைய பாணியில் புதிதாய் எழுந்தவை. கோயிலைச் சுற்றி வியாபாரம் நடப்பது புதிதன்று. தோட்டத்தை மீட்டவர்களே வியாபாரிகள்தாமே. ஆனால் அன்றைய வியாபாரி அவ்வூரின் குடி. இன்றோ, சுற்றியுள்ள சந்துகளில் தலைமுறையாய் வாழ்ந்த ஜனங்கள் பலர் குடிபெயர்க்கப்பட்டுவிட்டார்கள். அவ்வீடுகளில் நெருக்கடியும் அசௌகரியமும் அதிகம், நல்ல வீடு தருவது தவறா என்று அதிகாரிகள் கேட்கலாம். நல்ல வீடு தருவது நியாயமே. அதைத் தூரத்துப் புறநகரில் தருவதற்குப் பதிலாக, அதே சந்தில் குழாயும் கழிவறையும் அமைத்துத் தருவதே நாம் கேட்பது. குடிகளில்லாத ஊருக்குக் காவல் தெய்வம் எதற்கு? கூரையைப் புதுப்பித்துக் குடியை அகற்றினால் எஞ்சுவது கோயிலன்று, காட்சிச் சாலை.

மதிலை இடித்தும் தெய்வத்தை இழக்காத நகரம் ஷாங்காய். அந்நியன் முகாமிட்டபோதும் இழக்கவில்லை. தன்னவரே பூட்டியபோதும் இழக்கவில்லை. லாபத்துக்காக அது இழக்கப்படுமாயின், அந்தத் தோல்வியைச் சுமந்து தெய்வமாவதற்கு ஒரு தளபதியும் கிடைக்க மாட்டார். பழம்பெருமையுள்ள எந்த நகரத்தை ஆள்பவர்களும் இதை மனத்தில் வைப்பார்களாக.