துணிந்து போட்ட பணம்

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய பிள்ளை பெர்லினில் ஒரு புதுக் கம்பெனியில் வேலை பார்க்கிறானாம். "கம்பெனி ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. இன்னும் ஒரு காசு லாபம் வரவில்லை என்று அவனே சொல்கிறான். ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் மட்டும் டாண் என்று வந்து விடுகிறது. போன மாதம் ஆபீஸில் கேக் வெட்டிக் கொண்டாடினார்களாம். என்னடா விசேஷம் என்றால், 'இன்னும் பணம் கிடைத்திருக்கிறது அம்மா' என்கிறான். லாபமே இல்லாத கம்பெனிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? எதற்காகக் கொடுக்கிறார்கள்? ராத்திரி தூக்கம் வர மாட்டேன் என்கிறது" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. வருகிற வரும்படிக்குள் செலவை அடக்கிக் குடும்பம் நடத்தியவர்களுக்கு இது விளங்காதது ஆச்சரியமே இல்லை. விளங்கியிருந்தால்தான் ஆச்சரியம்!

அந்தப் பணத்துக்குத் துணிகர மூலதனம் என்று பெயர். பெயரைக் கேட்டால் தொடர்கதையில் வரும் வாள் சண்டை மாதிரி இருக்கிறது, இல்லையா? விஷயம் அவ்வளவு பயங்கரமானதல்ல. ஒரு இளைஞன் தலைக்குள் யோசனையை மட்டும் வைத்துக் கொண்டு பாங்கிக்குப் போகிறான். பாங்கி மானேஜர் என்ன கேட்பார்? வீடு உண்டா, நிலம் உண்டா, ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் உண்டா என்பார். யோசனையை அடமானம் வைக்க முடியாது. அப்போது வேறொருவர் வந்து, "வட்டி வேண்டாம், அடமானம் வேண்டாம். உன் கம்பெனியில் ஐந்தில் ஒரு பங்கை என் பேருக்கு எழுதிக் கொடு" என்கிறார். கம்பெனி மூழ்கினால் அவர் பணமும் சேர்ந்து மூழ்கும். கதவைத் தட்டிக் கேட்க முடியாது. கம்பெனி வளர்ந்தால் தம் பங்கை நல்ல விலைக்கு விற்றுக் கொண்டு போவார். அவ்வளவுதான் ஏற்பாடு.

இந்த வியாபாரத்தை ஒழுங்கான தொழிலாக முதலில் நடத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர், பாரிஸில் பிறந்த ஜார்ஜ் டோரியோ. ஆனால் அவர் கடை விரித்தது அமெரிக்காவில், பாஸ்டனில், 1946ல். 1957ல் இரண்டு எஞ்சினீயர்கள் தொடங்கிய கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் அவருடைய ஸ்தாபனம் 70,000 டாலர் போட்டது. பதினைந்து வருஷத்துக்குள் அந்தப் பங்கின் மதிப்பு 35 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது. மற்ற இடங்களில் போட்ட பணமெல்லாம் சுமாராகப் போனாலும் இந்த ஒன்றே எல்லாவற்றையும் தூக்கி நிறுத்திவிட்டது. இன்று வரை இந்தத் தொழிலின் ரகசியம் இதுதான். பல கம்பெனிகளில் போடுகிறார்கள். பாதிக்கு மேல் போட்டதைக்கூடத் திருப்பாது. ஒன்றோ இரண்டோ மற்றவற்றின் நஷ்டத்தையும் சேர்த்துச் சம்பாதித்துக் கொடுக்கும். எது அந்த ஒன்று என்று முன்கூட்டிச் சொல்ல ஜோசியராலும் ஆகாது.

"அப்படி மூழ்கடிப்பதற்குப் பணம் யாருடையது?" என்று அடுத்தாற்போல் கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. பணத்தைக் கொண்டு போய்க் கொடுக்கிறாரே, அவருடையது கொஞ்சம்தான். மீதி பெரும்பாலும் மற்றவர்களுடையது. பணக்காரக் குடும்பங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், பென்ஷன் நிதிகள் எல்லாம் சேர்ந்து சுமார் பத்து வருஷத்துக்கு ஒரு தொகையை ஒப்படைக்கின்றன. நிர்வகிக்கிறவர் வருஷத்துக்கு நூற்றுக்கு 2 வீதம் செலவுக்கு எடுத்துக் கொள்வார். லாபம் வந்தால் அதில் நூற்றுக்கு 20 அவருக்கு. இதுதான் பொது வழக்கம். ஐரோப்பாவில் இன்னொரு விசேஷம், சர்க்கார் பணம். 1994ல் லக்ஸம்பர்கில் ஐரோப்பிய முதலீட்டு நிதி என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். அங்குள்ள துணிகர நிதிகள் பலவற்றுக்குப் பெரிய வாடிக்கைக்காரர் அதுதான். ஆகவே மாம்பலத்துப் பிள்ளையின் சம்பளத்தில், அவன் முகத்தையே பார்த்திராத யாரோ ஒரு பள்ளி ஆசிரியையின் பென்ஷன் பணமும் ஒரு துளி கலந்திருக்கலாம்.

நன்றாக நடந்த கதை ஒன்று சொல்கிறேன். 'ஸ்கைப்' என்றால் உங்களில் பலருக்கு ஞாபகம் வரும். கடல் கடந்து போன பிள்ளையின் முகத்தைக் காசு செலவில்லாமல் கம்ப்யூட்டரில் பார்த்துக் கண்ணீர் விட்ட தாய்மார்கள் எத்தனை பேர்! 2003ல் அதைத் தொடங்கியவர்கள் ஸ்வீடன்காரர் நிக்லாஸ் ஸென்ஸ்ட்ரோம், டென்மார்க்காரர் யானஸ் ப்ரீஸ் இருவரும். மூளையைக் கசக்கி அதை எழுதியவர்கள் எஸ்டோனியா தேசத்து டாலின் நகரத்துப் பிள்ளைகள். பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதர்கள். எஸ்டோனியாவின் மொத்த ஜனத்தொகையே சுமார் 13 லட்சம்தான். அதற்கு முன் இவர்கள் செய்த 'காஸா' என்ற சாதனத்தால் ஜனங்கள் பாட்டையும் படத்தையும் இலவசமாகப் பரிமாறிக் கொண்டார்கள். அதனால் கோர்ட்டில் வழக்கு. பணக்காரர்கள் பலர், "வழக்குக்காரர்கள் சகவாசம் நமக்கெதற்கு?" என்று ஒதுங்கிக் கொண்டார்கள். ஒதுங்காத சிலர் போட்டார்கள். 2005ல் அமெரிக்காவின் ஈபே கம்பெனி ஸ்கைப்பைச் சுமார் 260 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2011ல் மைக்ரோஸாப்ட் 850 கோடி டாலர் கொடுத்தது. 2025 மே மாதத்தில் அதை மூடியே விட்டார்கள்.

மூடிவிட்டார்களே, பணம் வீண்தானே என்று நினைக்காதீர்கள். கம்பெனியை விற்ற பணம் டாலினுக்கும் லண்டனுக்கும் திரும்பி வந்து விதை நெல்லாயிற்று. ஸென்ஸ்ட்ரோம் 2006ல் லண்டனில் 'அடோமிகோ' என்று தாமே ஒரு துணிகர நிதி தொடங்கினார். ஸ்கைப்பின் முதல் சிப்பந்தியான டாவெட் ஹின்ரிகுஸ், லண்டனில் இருந்துகொண்டு யூரோவில் சம்பளம் வாங்கி வந்தார். அவருடைய சிநேகிதர் கிறிஸ்டோ கார்மன் பவுனில் சம்பளம் வாங்கி, வீட்டுக் கடன் கட்ட ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. பாங்கிக் கட்டணம் இருவரையும் கடித்தது. "நீ எனக்கு இங்கே கொடு, நான் உனக்கு அங்கே கொடுக்கிறேன்" என்று தங்களுக்குள் மாற்றிக் கொண்டார்கள். அதுவே 2011ல் ஒரு கம்பெனியாயிற்று. 'வைஸ்' என்ற பெயரில் 2021ல் லண்டன் பங்கு மார்க்கெட்டுக்கு வந்தது. டாலினிலேயே 2013ல் பத்தொன்பது வயதுப் பையன் மார்க்கஸ் வில்லிக், பெற்றோரிடம் 5,000 யூரோ கடன் வாங்கி டாக்ஸி கூப்பிடும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினான். 'போல்ட்' என்று இன்று பல தேசங்களில் ஓடுகிறது. அவன் அண்ணா ஸ்கைப்பில் வேலை பார்த்தவர். பார்த்தீர்களா, முதலில் துணிந்தது அப்பா அம்மா பணம்!

இப்போது ஏறி இறங்கின கதை. ஸ்டாக்ஹோமில் செபாஸ்டியன் சீமியட்கோவ்ஸ்கி என்ற மாணவர், ஹாம்பர்கர் கடையில் வேலை பார்த்தபோது ஒரு சிநேகிதரைப் பிடித்தார். இன்னொருவரும் சேர, மூவரும் 2005ல் 'க்ளார்னா'வைத் தொடங்கினார்கள். யோசனை எளியது. இன்டர்நெட்டில் சாமான் வாங்குகிறவர், சாமான் வீட்டுக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும். கடைக்காரருக்கு க்ளார்னா முன்னாலேயே கொடுத்துவிடும். புடவையைப் பிரித்துக் கரையைப் பார்த்த பிறகே பர்ஸைத் திறக்கும் நமக்கு இதன் அருமை தெரியாதா என்ன? ஆனால் அவர்கள் கல்லூரிப் போட்டியில் இந்த யோசனைக்குப் பரிசு கிடைக்கவில்லை. நம்பிப் பணம் போட்டவர் ஒரு பெண்மணி, ஜேன் வாலெருட். சாப்ட்வேர் கம்பெனி ஒன்றை நடத்தி, 2000ல் நல்ல விலைக்கு விற்ற அனுபவசாலி. சுமார் 60,000 யூரோ கொடுத்ததோடு, எழுதத் தெரிந்த எஞ்சினீயர்களையும் பிடித்துக் கொடுத்தார். பணத்தைவிட அந்த இரண்டாவது உதவிதான் பெரிசு என்பது என் அபிப்பிராயம்.

2021 ஜூனில் க்ளார்னாவின் மதிப்பு 4,560 கோடி டாலர் என்றார்கள். 2022 ஜூலையில் அதே கம்பெனி, 670 கோடி டாலர் என்றார்கள். ஒரு வருஷத்துக்குச் சற்று மேலான காலத்தில் ஏழில் ஆறு பங்கு காற்றாய்ப் போயிற்று! அதற்கு முன் மே மாதத்தில், வேலை பார்த்தவர்களில் பத்தில் ஒருவருக்கு வேலை போகும் என்று தலைவர் முன்பே படம் பிடித்து வைத்த பேச்சு மூலம் அறிவித்தார். நேரில் சொல்லியிருக்கலாம். 2025 செப்டம்பரில் நியூயார்க் பங்கு மார்க்கெட்டுக்கு வந்தபோது மதிப்பு சுமார் 1,500 கோடி டாலர். இந்த மதிப்பெல்லாம் என்ன? கடைசியாக ஒருவர் கொஞ்சம் பங்கு வாங்கிய விலையால் மொத்தத்தையும் பெருக்கிப் பார்ப்பதுதான். கொடுத்து வாங்க ஆள் வந்தால்தான் அது பணம். அது வரையில் காகிதம்.

ஒரேயடியாக மூழ்கியதும் உண்டு. ஸ்வீடனின் வடபகுதியில் ஷெல்லெப்டியோ என்ற ஊரில் மோட்டார் பாட்டரி செய்ய வந்த 'நார்த்வோல்ட்' 2016ல் பிறந்தது. பங்கும் கடனுமாகச் சுமார் 1,500 கோடி டாலர் திரட்டியது. துணிகரக்காரர்கள் மட்டுமல்ல, பெரிய மோட்டார் கம்பெனி, பாங்கிகள், ஸ்வீடன் டென்மார்க் பென்ஷன் நிதிகள் எல்லோரும் போட்டார்கள். சொன்ன தேதியில் சொன்ன அளவு பாட்டரி வெளிவரவில்லை. 2025 மார்ச்சில் திவால். பல தேசங்களிலிருந்து பெட்டி படுக்கையோடு அந்தக் குளிரூருக்குக் குடிபோன பல குடும்பங்கள் தவித்துப் போயின.

சகோதரியைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பிள்ளையிடம் சில கேள்விகள் கேட்கலாம். லாபம் வருகிறதா என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. "கையில் இருக்கிற பணம் எத்தனை மாதத்துக்குக் காணும்?" என்று கேளுங்கள். ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். ஆறு மாதம் என்றால் அவனை வேறு இடமும் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். சம்பளத்துக்குப் பதிலாகப் பங்கு தருகிறேன் என்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. கம்பெனி விலை போகும்போது, பணம் போட்டவர்கள் தங்கள் முதலை முதலில் எடுத்துக் கொள்ளும்படியாகத்தான் பெரும்பாலும் பத்திரம் எழுதுவார்கள். மிச்சம் இருந்தால்தான் பிள்ளைக்கு. ஆகையால் அந்தப் பங்கை நம்பிக் கல்யாணத்துக்கு நகை ஆர்டர் கொடுத்துவிட வேண்டாம்! ஒரு ஆறுதலும் உண்டு. ஜெர்மனியில் கம்பெனி திவாலானால், அதற்கு முந்திய மூன்று மாதம் வரை பாக்கி நின்ற சம்பளத்தை அங்குள்ள சர்க்கார் வேலைவாய்ப்பு நிலையம் கொடுத்து விடும். வேலைக்கு வந்த அந்நிய நாட்டாருக்கும் சேர்த்துத்தான். ஆனால் இரண்டு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும்.

இன்னொன்று. ஐரோப்பாவில் பணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாரியோ டிராகி 2024ல் கொடுத்த அறிக்கையைப் பார்த்தால், 2022ல் அங்குள்ள குடும்பங்கள் சேமித்தது 1,39,000 கோடி யூரோ. அமெரிக்கக் குடும்பங்கள் 84,000 கோடிதான். ஆனால் ஐரோப்பியர் அதில் பெரும்பாகத்தைப் பாங்கியில் போட்டுப் பூட்டி வைக்கிறார்கள். அதனால் கம்பெனி கொஞ்சம் வளர்ந்ததும் பெரிய தொகைக்கு அமெரிக்காவைத் தேடிப் போகிறது. 2008க்கும் 2021க்கும் இடையில் நூறு கோடி டாலர் மதிப்பைத் தொட்ட ஐரோப்பியக் கம்பெனிகளில் நூற்றுக்குச் சுமார் 30 தங்கள் தலைமை ஆபீஸையே வெளிதேசத்துக்கு மாற்றிக் கொண்டன. பெற்று வளர்த்தவள் ஒருத்தி, அனுபவிக்கிறவள் இன்னொருத்தி என்பார்களே, அந்தக் கதைதான்.

கொடுக்கிற பணமும் யாருக்குப் போகிறது என்கிறீர்கள்? அடோமிகோ வெளியிட்ட கணக்குப்படி, 2018ல் ஐரோப்பாவில் இப்படிக் கொடுத்த பணத்தில் நூற்றுக்கு 93 ஆண்கள் மட்டுமே தொடங்கிய கம்பெனிகளுக்குப் போயிற்று. பெண்களும் ஆண்களும் சேர்ந்து தொடங்கியவையும், பெண்கள் மட்டும் தொடங்கியவையும் மிச்சம் 7ஐப் பங்கு போட்டுக் கொண்டன. துணிகர மூலதனக்காரர்களின் துணிச்சல் அந்த மட்டில் நின்றுவிட்டது போலிருக்கிறது.

வேல்ஸ் தேசத்து ஸ்வான்ஸீ நகரத்தில் பிறந்த ஆன் போடன் அம்மாளைக் கேட்டால் தெரியும். முப்பது வருஷம் பாங்கிகளில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, கட்டிடமே இல்லாமல் டெலிபோனிலேயே நடக்கும் பாங்கி ஒன்று வேண்டும் என்று 2014ல் 'ஸ்டார்லிங்' தொடங்கினார். பணம் கேட்டு ஏறாத படியில்லை. 2015ல் கூட இருந்தவர்களே கூட்டமாகப் பிரிந்து போய்ப் போட்டிப் பாங்கி ஆரம்பித்து விட்டார்கள். அம்மாள் கடையைக் கட்டவில்லை. திரும்பவும் முதலிலிருந்து ஆள் சேர்த்தார். கடைசியில் பஹாமாஸ் தீவில் வசித்த ஹெரால்டு மெக்பைக் என்ற தனவந்தர் 4 கோடியே 80 லட்சம் பவுன் (நம் நகைப் பவுன் அல்ல, இங்கிலாந்து நாணயம்) கொடுக்க முன்வந்தார். அதற்கு ஈடாகக் கம்பெனியின் பெரும்பங்கு அவர் கைக்குப் போயிற்று. சும்மா கொடுப்பாரா? 2016ல் பாங்கி லைசென்ஸ் கிடைத்தது. 2022 மார்ச்சோடு முடிந்த வருஷக் கணக்கில், வரி போவதற்கு முன் லாபம் 3 கோடிப் பவுனுக்கு மேல்.