இரவு சார்ஜும் இரண்டு மாத பில்லும்

மதுரை வீடுகளில் மின்சாரக் காரை இரவில் சார்ஜ் செய்ய, எர்த்திங் சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக் பாயின்ட்டே போதும். மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏறும். 30 யூனிட் பேட்டரி நிரம்பப் பத்து மணி நேரமாவது ஆகும். வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறை 2022-இல் தெளிவுபடுத்திவிட்டது. சிக்கல் பில்லில்தான். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும். சித்திரை வெயிலில் ஏசி ஓடும் வீடு காரில்லாமலே அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். இரவு சார்ஜ் வசதிதான், ஆனால் சிக்கனம் அல்ல. கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இரவில் ஒரு யூனிட்டும் தராது. 2023-இல் திருத்திய மத்திய விதிகளும், ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்குப் பகல் மின்சாரத்தையே மலிவாக்கச் சொல்கின்றன.