வெள்ளிக் கெண்டியில் இல்லாத பெயர்கள்

பழைய வெள்ளித் தேநீர்க் கெண்டியை விலை பேச வருகிறவர்கள் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். அடியில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்ற முத்திரை இருந்தால் மதிப்பு ஏறிவிடும். பாரம்பரியம் என்று பேச்சும் தொடங்கிவிடும். யாருடைய பாரம்பரியம் என்பதே என் கேள்வி.

1849இல் தொடங்கிய அந்தச் சென்னை நிறுவனம் கடிகாரங்களோடு வெள்ளிச் சாமான்களும் விற்றது. கெண்டி, பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம். உடலெங்கும் புடைப்பு வேலையில் நம் தெய்வ உருவங்கள். வெள்ளைக்காரர்கள் அதைச் 'சுவாமி' வேலைப்பாடு என்று சொல்லி விரும்பி வாங்கினார்கள். முத்திரை கடையின் பெயரைச் சொல்கிறது; தட்டித் தட்டி உருக்கொடுத்தவரின் பெயரைச் சொல்வதில்லை.

வெள்ளி சூட்டைச் சட்டெனக் கடத்தும். அதனால் கெண்டியின் கைப்பிடியில் தந்தத் துண்டோ மரமோ பொருத்தினார்கள். ஆங்கிலேயத் தேநீர் மேசையில் ஊற்றித் தருவது வீட்டுத் தலைவியின் கடமை. அவள் கை சுடக் கூடாது. சரி, அந்த இலையைக் கிள்ளிய கை? 2015 செப்டம்பரில் மூணாறில் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு சாலையை மறித்த தோட்டத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அன்று அவர்கள் நாள்கூலி 232 ரூபாய். 500 ரூபாயும் 20 சதவீத போனஸும் கேட்டார்கள். தொழிற்சங்கத்து ஆண் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. போனஸை வென்றார்கள், 500 ரூபாய் கிடைக்கவில்லை.

எங்கள் கலசப்பாக்கத்து வீடுகளில் தேநீர் மேசை கிடையாது. அதன் சட்டம் மட்டும் உண்டு: ஊற்றுவதும் ஏந்துவதும் பெண். பெண் பார்க்க வந்தவர்கள் முன் தட்டோடு வந்து நிற்பவள் அவள். சீர்வரிசை வெள்ளி எத்தனை கிராம் என்று கேட்கப்படுவதும் அவளை வைத்துத்தான். பிறகு அந்த வெள்ளி கறுக்கக் கறுக்க விபூதி போட்டுத் துலக்குவதும் அவள்தான்.

ஆரணிப் பட்டு நெய்யும் தறிவீடுகளுக்குள் வெள்ளி ஜரிகையாக நுழைகிறது. அசல் ஜரிகை, பட்டிழைமேல் சுற்றித் தங்கமுலாம் பூசிய வெள்ளிக் கம்பி. அதைத் தாரில் சுற்றித் தருவது பெரும்பாலும் வீட்டுப் பெண். புடவைக் கூலியோ தறியில் உட்கார்ந்த ஆணின் கணக்கில் போகிறது. தார் சுற்றியது வீட்டு வேலையாகிவிடுகிறது. பகலெல்லாம் வெள்ளியைத் தொட்டவள், எல்லோரும் குடித்த பிறகு எவர்சில்வர் டம்ளரில் ஆறிப்போன டீயைக் குடிக்கிறாள்.

"எல்லாவற்றிலும் இதையே பார்த்தால் கலையை எப்போது ரசிப்பது மேடம்?" என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். தாராளமாக ரசிக்கலாம். ஆனால் நாம் படிக்கும் குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? பாடியவரின் பெயர் தெரியாதபோது அந்த இடத்தை வெறுமையாக விடவில்லை. பாட்டில் வந்த தொடரையே எடுத்துச் 'செம்புலப்பெயனீரார்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு பாட்டுக்கு அத்தனை மரியாதை தந்த மொழி நம்முடையது. ஆயுள் முழுக்கத் தார் சுற்றியவளுக்கு ஏன் ஒரு வரி இல்லை?

கூலிப் புத்தகத்தில் அவள் பெயரைத் தனியாக எழுதுங்கள். அவள் கூலியை அவள் கையிலேயே கொடுங்கள். பாரம்பரியத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.