கோழியும் இடம் கேட்கிறது!

புதுச்சேரி உப்பளத்தில் வீடுகள் நெருக்கம். கோழி வளர்க்கக் கொல்லைப்புறம் பலருக்கு இல்லை. ஆனாலும் சமையல்கட்டில் முட்டை இருக்கிறது.

அது எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் இருந்து!

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். பண்ணைக்கோழியோ 300 வரை இடுகிறது. அதற்கு நல்ல இனம் மட்டும் போதாது. தீனியும் இடமும் சரியாக இருக்கவேண்டும்.

எலும்பு கரைகிறது

ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீனி தின்கிறது. மக்காச்சோளம் தெம்பு தருகிறது. சோயாப் புண்ணாக்கு புரதம் தருகிறது. கிளிஞ்சல் தூள் சுண்ணாம்புச்சத்து தருகிறது.

ஒரு முட்டை ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீனியில் அது குறைந்தால், கோழி தன் எலும்பில் இருந்தே எடுத்துக் கொடுக்கிறது! பிறகு ஓடு மெலியும். கால் தளரும். முட்டையும் குறையும்.

நெருக்கினால் என்ன?

கூண்டில் கோழிகள் கூடினால், வலுத்தது தின்னும், இளைத்தது ஒதுங்கும். ஒன்றையொன்று கொத்தும். வெயில் காலத்தில் சூடு தாங்காமல் தீனியைக் குறைக்கும். சாவும் அதிகமாகும்.

அப்படியானால் ஏன் நெருக்கி அடைக்கிறார்கள்?

ஒவ்வொரு கோழியும் சற்றுக் குறைவாக இட்டாலும், கொட்டகையின் மொத்த முட்டை கூடலாம். அதுதான் காரணம்!

சட்டம் வந்தது

2017-ல் சட்ட ஆணையம் இது பற்றி மத்திய அரசுக்கு அறிக்கை தந்தது. 2023-ல் விதிகள் வந்தன. கோழி ஒன்றுக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடமாவது வேண்டும் என்பது விதி. இதுவும் ஜெராக்ஸ் கடைத் தாளை விடச் சிறியதுதான்! ஐரோப்பிய நாடுகளில் 2012 முதல் கூண்டுக்கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர்.

450 வீதம் 22 கோழி அடைத்த இடத்தில், 550 வீதம் 18 தான் அடைக்கலாம்.

முட்டை விலை ஏறுமா? ஓரளவு ஏறலாம். ஆனால் பண்ணைச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீனிக்கே போகிறது. கோழி குறைந்தால் தீனியும் குறையும். கூடுவது கொட்டகைச் செலவுதான்.

முட்டை, ஏழைக் குழந்தையின் சத்துணவு. அதன் விலை எட்டாமல் போகக்கூடாது. ஆனால் அந்த மலிவை, கோழியின் மூச்சை முட்டித்தான் பெறவேண்டுமா? நெருக்கத்தில் வாழும் மக்களுக்கு இடத்தின் அருமை தெரியும்!