தனி ஆவர்த்தனம் மட்டுமா தாளம்?

டிரம்ஸ் கலைஞர் வெர்னல் ஃபூர்னியேவைப் பற்றி ஜாஸ் ரசிகர்கள் சொல்வது இது: கையில் சுத்தம் உண்டு; ஆனால் பேர்சொல்லும் தனி வாசிப்போ, தன் தலைமையில் புகழ்பெற்ற இசைத்தட்டோ இல்லை; ஆகவே அவர் வெறும் பக்கவாத்தியக்காரர்.

முதலாவது, தனி வாசிப்பு என்ற அளவுகோலை யார் வைத்தது? 1958 ஜனவரியில் சிகாகோவின் பெர்ஷிங் விடுதியில் பியானோ கலைஞர் அகமது ஜமாலின் குழு பதிவுசெய்த ‘பாயின்சியானா’வைக் கேளுங்கள். அதில் டிரம்ஸ் வாசித்த ஃபூர்னியேவின் ஒரு கையில் பஞ்சுத்தலைக் கோல், மறு கையில் சாதாரணக் குச்சி. எட்டு நிமிடம் அந்தத் தாளச்சுழல் தளர்வதில்லை. இருவர் வாசிக்கிறார்களோ என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும், அவர் 1928இல் பிறந்த நியூ ஆர்லியன்ஸின் தெரு ஊர்வலங்களில் பெரிய முரசுக்கு ஒருவர், சிறு முரசுக்கு ஒருவர். அந்த இருவரையும் ஒரே உடலில் உட்காரவைத்தார் ஃபூர்னியே.

இரண்டாவது, அந்தப் பதிவு இடம்பெற்ற இசைத்தட்டு நூறு வாரங்களுக்கு மேல் விற்பனைப் பட்டியலில் நின்றது. புகழ் ஜமாலுக்குப் போனது, சரி. ‘பாயின்சியானா’ 1930களின் பழைய பாட்டு. மெட்டு புதிதல்ல என்றால், மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டது எதை?

மூன்றாவது, ஜமால் இடைவெளி விட்டு வாசிப்பவர். அந்த மௌனங்களில் தாளம் கொஞ்சம் கூடினாலும் பியானோ மூழ்கும், குறைந்தாலும் பாட்டு சரியும். இஸ்ரேல் கிராஸ்பியின் பாஸோடு சேர்ந்து இரவுக்கு இரவு அதைக் காத்தவரை ‘வெறும்’ என்பதா? ஆரவாரமாக முழக்கியிருந்தால் இதே ஆட்கள் அவரை மேதை என்றிருப்பார்கள், ‘பாயின்சியானா’ கெட்டிருக்கும்.